செல்வராணியின் தேத்தண்ணி

சைக்கிள் அணிக்கு உதவியாளர்களாகப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் ஒரு மாதத்தில் தேறிவிடுவீர்கள். தொடை பிடித்துவிடுவது, பாட்டில் கழுவுவது, வேகமாக வரும் சைக்கிளோடு கூடவே நாலடி ஓடிக் கைக்குக் கை பாட்டிலை மாற்றுவது, இதெல்லாம் செய்யச் செய்ய வந்துவிடும். ரைடருக்கு என்ன குடிக்கக் கொடுப்பது, எப்போது கொடுப்பது, கொடுக்கும்போது என்ன சொல்வது என்பதைப் பற்றி மட்டும் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். மூன்றிலும் தப்புச் செய்த ஆள் இந்த அணியில் நான் ஒருவன்தான் என்பது காரணமாக இருக்கலாம்.

நான் பார்மசிஸ்ட். மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பிட்ட பிறகு என்று தமிழ், ஹிந்தி, வங்காளம், தெலுங்கு நான்கிலும் சொல்லிச் சொல்லியே வயதானவன். குடியிருப்பு அந்தமானில், போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில். அந்த மேட்டில் ஒரு நாள்கூட நான் சைக்கிளை மிதித்து ஏறியதில்லை. தள்ளிக்கொண்டுதான் போவேன்.

அப்படிப்பட்டவனை அணிக்குள் இழுத்தது அப்போதிருந்த கோச். ஒரு நாள் மருந்தக ஜன்னலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்தார். தெலுங்குக் குடும்பத்துக்காரர். போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்ததால் எங்கள் எல்லோருடைய மொழியையும் ஒன்றாகக் கலந்து பேசுவார்.

"சார், யே க்யா ஹை? என்ன இது? பசங்க என்கிட்ட மறைச்சு முழுங்கறாங்க."

லேபிளைப் படித்தேன். ஒரு மாத்திரையில் இரண்டு மூன்று கப் காபிக்குச் சமமான கஃபீன் இருந்தது. கூடவே, என்னவென்றே எனக்குத் தெரியாத நாலைந்து பெயர்களும் இருந்தன.

"தெரியாத கம்பெனி சார். உள்ள இருக்கறதெல்லாம் லேபிள்ல இருக்கும்னு சொல்ல முடியாது. தடை செஞ்ச மருந்து ஏதாவது கலந்திருந்தா பசங்க மாட்டிப்பாங்க. தூக்கிப் போடுங்க."

"கஃபீனும் தடையா?"

"இப்ப தடை இல்ல. சரியான அளவுல, சரியான நேரத்துல எடுத்தா நீண்ட தூரம் ஓட்டறவங்களுக்கு உதவவும் செய்யும். கால் வலிக்குதுன்னு மனசு சொல்றது கொஞ்சம் தள்ளிப்போகும். அளவு மீறினா நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வயிறு கலக்கும், தூக்கம் போயிடும். எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரியும் இருக்காது."

அவர் டப்பாவை எடுத்துக்கொண்டார். "டீக் ஹை. ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்கு வாங்க. இதையே அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனவன்தான். நான் ஓய்வு பெற்றது மருந்தகத்திலிருந்து மட்டும்தான். அணியிலிருந்து என்னை அனுப்ப இன்னும் சில வருஷங்கள் பிடித்தன.

இனி செல்வராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் தினக்கூலி வேலையில் இருந்தாள். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் கப்பல்களில் ஏறும் பயணிகளின் டிக்கெட்டைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். சுனாமிக்குப் பிறகு குடும்பம் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டது. வேலைக்கு வருவதற்காக யாரிடமோ வாங்கிய பழைய சைக்கிளில், ஜெட்டிக்குப் போகும் பேருந்தை மேட்டில் முந்திக்கொண்டு போனவளை, அதே பேருந்தில் உட்கார்ந்திருந்த கோச் பார்த்திருக்கிறார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி அவள் பின்னால் ஓடினாராம். அவள் பயந்துபோய் இன்னும் வேகமாக மிதித்துவிட்டாள். மறுநாள் ஜெட்டிக்கே போய்ப் பேசினார்.

மூன்று வருஷத்தில் அவள் தீவுகளின் பெண் ரைடர்களில் இரண்டாம் இடத்துக்கு வந்தாள். முதலிடம் ரீட்டாவுக்கு. வேறொரு அணி. வங்காளக் குடியேறிகள் வீட்டுப் பெண். ரீட்டாவுக்குக் கடைசி இருநூறு மீட்டரில் இறக்கை முளைக்கும். செல்வராணி மூன்று வருஷமும் கடைசி வளைவு வரை கூடவே வந்து, அங்கே தோற்றாள். தேசியப் போட்டிக்குத் தீவுகளிலிருந்து ஒரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள். அங்கே போய் வந்தவர்களுக்குத்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்கும் தகுதி. செல்வராணிக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷத் தேர்வுப் போட்டி அவளுக்குக் கடைசி வாய்ப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

அவளிடம் ஒரு பழக்கம். ஒரு நாளைக்கு ஏழெட்டு கிளாஸ் பால் இல்லாத தேநீர் குடிப்பாள். அவர்கள் வீட்டில் அதற்குத் தேத்தண்ணி என்று பேர். காய்ச்சுவது அவள் அம்மா. கரண்டியை நட்டால் நிற்கும் என்று நினைக்கத் தோன்றும் அளவுக்குக் கெட்டியான சாயம்.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு நான் எங்கோ ஒன்றைப் படித்தேன். கஃபீனைச் சில நாட்கள் அடியோடு நிறுத்திவிட்டுப் போட்டியன்று கொடுத்தால் கூடுதலாக வேலை செய்யுமாம். இப்படி ஒரு கருத்து உண்டு, அது அவ்வளவு உறுதியானதல்ல என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. செல்வராணியைக் கூப்பிட்டுத் தேத்தண்ணியை நிறுத்தச் சொன்னேன்.

"முழுசாவா சார்?"

"முழுசா."

"காலையில ஒரு கிளாஸ்?"

"அதுவும் கூடாது."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இரண்டாம் நாள் மண்டை பிளக்கிற தலைவலி. மூன்றாம் நாள் பயிற்சியில் கோச்சிடம் எரிந்து விழுந்தாள். நான்காம் நாள் ஜெட்டியில், நீல் தீவுக்குப் போகவேண்டிய புதுமணத் தம்பதியை ஹேவ்லாக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டாள். அவர்கள் அங்கே இறங்கி, ஊர் மாறியதே தெரியாமல் ஒரு மணி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்களாம். ஜெட்டி மேற்பார்வையாளர் கோச்சுக்குப் போன் செய்ய, கோச் என்னிடம் வந்தார்.

"சார், உங்க ரைடர் நாளைக்கு யாரையாவது சென்னைக்கு அனுப்பிடுவா. குச் கரோ. ஏதாவது பண்ணுங்க."

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். நான் சொன்னது தப்பு, போய் ஒரு கிளாஸ் குடி என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவனுக்கு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக அபர்டீன் பஜாருக்குப் போனேன். அங்கே காதர் பாய் கடையில் காபிக்கொட்டையும் சிக்கரியும் தனித்தனியாகக் கிடைக்கும். சிக்கரி மட்டும் வாங்கினேன். சிக்கரியில் கஃபீன் கிடையாது. ஆனால் டிகாக்‌ஷன் இறக்கிச் சர்க்கரை போட்டால் நிறமும் கசப்பும் காபி மாதிரியே இருக்கும்.

மறுநாள் காலை பிளாஸ்கைத் திறந்து அவளிடம் நீட்டினேன். "தேத்தண்ணி வேண்டாம். காபி ஒரு கிளாஸ் மட்டும் குடிக்கலாம்னு கணக்குப் போட்டுப் பாத்தேன்" என்றேன்.

அவள் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "தலைவலி விட்டுப்போச்சு சார்!" என்றாள். அன்றைய பயிற்சியில் அவள் பறந்தாள். அடுத்த நாள் இன்னும் நன்றாகவே ஓட்டினாள். எனக்கு என்னைப் பற்றி ஏக பெருமை. கோச்சைத் தனியே அழைத்துப் போய் ரகசியத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க பார்மசிஸ்ட் சார். மேஜிக் காட்டறவர் இல்ல" என்றார். சைக்கிள் சங்கிலியைத் துடைத்துக்கொண்டே, "கல் ஆப் சச் போலேங்கே. நாளைக்கு நீங்க ஒரு நிஜத்தைச் சொல்வீங்க. அப்ப அவ நம்பணும் இல்லயா?" என்று கேட்டார்.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. வேலை நடக்கிறது, பிறகென்ன என்று இருந்தேன்.

போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. மருந்தக ஜன்னலில் யாரோ ஒரு பொட்டலத்தை வைத்தார்கள். நிமிர்ந்தேன். செல்வராணி, ஜெட்டி சீருடையில். பொட்டலம் காதர் பாய் கடையுடையது.

"அம்மாவுக்கும் அந்தக் காபியக் கொடுக்கலாம்னு போனேன் சார். நீங்க வாங்கற அதே தூளைக் குடுங்கன்னு கேட்டேன். பாய் சொல்றாரு, அவரு காபி வாங்கலயேம்மா, வெறும் சிக்கரியத்தானே வாங்கிட்டுப் போனாருன்னு."

எனக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த உதவியாளர் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"உனக்குத் தலைவலி போச்சே" என்றேன். அதைவிட மோசமான பதில் ஒன்று என்னிடம் இருந்திருக்க முடியாது.

"தலைவலி போச்சு சார். ஆனா எனக்கு என்னா தெரியும்? வேகமா ஓட்டறப்ப நீங்க நீட்டறத வாங்கிப் பாத்துக்கிட்டா குடிப்பேன்? பாக்க ஏலாது. உங்க கையைப் பாத்துதான் வாயில ஊத்திக்கறேன்." குரல் உயரவில்லை. "நாளன்னிக்கு என் பாட்டில நானே நிரப்பிக்கறேன். யாரும் ஒண்ணும் தர வேணாம்."

எண்பது கிலோமீட்டர் போட்டிக்கு வேண்டிய தண்ணீரை ஒரு ரைடர் தானே சுமந்துகொண்டு ஓட்ட முடியாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்படியிருந்தும் சொன்னாள் என்றால் எவ்வளவு மனசு விட்டுப்போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போதுதான் வெளியே வந்தேன். ஜன்னலுக்கு வெளியே என்று சொல்கிறேன். கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்து அவள் முன்னால் நின்று, "பொய் சொன்னது தப்பு. தேத்தண்ணிய நிறுத்தச் சொன்னதும் தப்பு. ரெண்டும் என்னோட தப்பு" என்றேன். வரிசையில் நின்ற நோயாளிகள் எல்லோரும் கேட்டார்கள். ஒரு வயதான வங்காளி, தமிழ் புரியாமலேயே, மன்னித்துவிடு என்பது போல அவளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியதைப் பார்த்தேன்.

"இப்ப போயி ஒரு கிளாஸ் குடிக்கலாமா சார்?"

"ரெண்டு கிளாஸ் குடி."

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். போட்டிக்கு என்ன வேண்டும் என்று முதல் முறையாக அவளிடமே கேட்டேன். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வழக்கமான தேத்தண்ணி ஒரு கிளாஸ். மொத்தம் நான்கு சுற்றில், இரண்டாம் சுற்று முடியும்போது ஒரு பாட்டில் ஆறிப்போன தேத்தண்ணி.

"அது ரெண்டு சுத்துக்கு வேலை செய்யும்ல சார்? அப்ப கடைசி வரைக்கும் ரீட்டா பின்னாடியே ஒட்டிக்கிட்டு வந்து, அந்த இருநூறு மீட்டர் ஸ்பிரிண்டுல பாத்துக்கறேன்."

சரியான கணக்குதான். தேத்தண்ணி பாட்டிலுக்குச் சிவப்பு டேப், சர்க்கரையும் உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீருக்கு வெள்ளை டேப் என்று முடிவு செய்தோம். நான் நிரப்புவதை அவள் பக்கத்தில் நின்று பார்ப்பாள். டேப்பை அவளே சுற்றுவாள்.

போட்டி சிடியா டாப்பு சாலையில். கிளம்ப வேண்டிய நேரம் காலை ஆறு மணி. ஐந்து மணிக்கு அவள் அம்மா கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து ஒரு கிளாஸ் குடித்தாள். ஐந்தேமுக்காலுக்கு மழை பிடித்துக்கொண்டது. காட்டுக்குள் ஒரு மரம் சாலையில் சாய்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அதை வெட்டி அகற்றும் வரை போட்டி தொடங்காது என்றார்கள். ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று. மற்ற அணிகளில் இரண்டாவது முறையாகக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சிலர் மாத்திரை விழுங்கியதையும் பார்த்தேன்.

செல்வராணி கூடாரத்துக்குள் வந்தாள். "குடிச்சதெல்லாம் இறங்கியிருக்கும் சார். இன்னொரு கிளாஸ் ஊத்துங்க."

"வேண்டாம். இறங்கலை. பாதி இறங்கவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். இப்ப உனக்கு இருக்கறது பயம். இன்னொரு கிளாஸ் போனா கை நடுங்கும். மழை ரோட்டுல வளைவு திரும்பணும்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இப்ப நீங்க சொல்றது காபியா, சிக்கரியா?"

"காபி."

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். கோச் அன்று சொன்னது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது. நம்புவதா வேண்டாமா என்று அவள் யோசித்த அந்தச் சில விநாடிகள் இருக்கின்றனவே, அந்த விலையை அவளைக் கொடுக்க வைத்தது என் சிக்கரி.

எட்டு மணிக்குப் போட்டி தொடங்கியது. மழை நின்றிருந்தது, சாலை வழுக்கியது. முதல் சுற்று முடிவில் எல்லோரும் கூட்டமாக வந்தார்கள். வெள்ளை டேப் பாட்டிலைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். இரண்டாம் சுற்று முடிவில் ரீட்டாவும் செல்வராணியும் மற்றவர்களைவிட நன்றாக முந்தி, ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நான் சிவப்பு டேப் பாட்டிலோடு ஓடினேன்.

அவள் விரல்கள் பாட்டிலைத் தொட்டன. என் கை ஈரம், அவள் கையும் ஈரம். பாட்டில் நழுவித் தார்ச்சாலையில் விழுந்து உருண்டது. பின்னால் வந்த நடுவர் மோட்டார் சைக்கிளின் சக்கரம் அதன் மேல் ஏறியது.

"அடுத்த சுத்துல குடுங்க!" என்று கத்திக்கொண்டே அவள் போய்விட்டாள்.

அடுத்த சுற்றில் கொடுக்க என்னிடம் இன்னொரு தேத்தண்ணி பாட்டில் இல்லை. ஒன்றுதான் நிரப்பியிருந்தேன். பிளாஸ்கில் மீதியிருந்ததைக் காத்திருந்த நேரத்தில் நானும் மெக்கானிக் பாபுவும் குடித்துத் தீர்த்திருந்தோம். இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் எதையும் ஒன்றே ஒன்று மட்டும் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். எல்லாவற்றிலும் ஒரு ஜோடி வையுங்கள்.

சாலையை மூடியிருந்ததால் டீக்கடைக்கும் ஓட முடியாது. பாபு போய் நசுங்கிய பாட்டிலை எடுத்துவந்தான். அடியில் இரண்டு வாய் தேத்தண்ணி மீதி இருந்தது.

"சார், இத வெள்ள பாட்டில்ல கலந்துடுங்க. கலர் வரும், வாசம் வரும். லால் டேப், அந்தச் செவப்பு டேப்பையே சுத்திடலாம். ஓடற ஓட்டத்துல அவளுக்கு எங்க தெரியப் போகுது?"

நேர்மையாகச் சொல்கிறேன், என் கை டேப் சுருளை எடுத்துவிட்டது. சிக்கரி குடித்துவிட்டு அவள் பறந்ததை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்தோம் என்ற நம்பிக்கையே அவளைக் கரையேற்றிவிடலாம். மூன்று வருஷம் தோற்றவள், இதற்குமேல் வாய்ப்பில்லாதவள். அவளுடைய நன்மைக்குத்தானே? ஒரு சுற்றுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் அந்தச் சுருளைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றேன். பாபு என்னைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக இருந்தான்.

"ஆ ரஹி ஹை சார்!"

இருவரும் வளைவில் தெரிந்தார்கள். ரீட்டா முன்னால். இரண்டடி பின்னால் செல்வராணி. கை ஏற்கனவே நீண்டிருந்தது. நான் டேப் சுருளைக் கீழே போட்டேன். வெள்ளை டேப் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் நான் அப்படி ஓடியதே பெரிய விஷயம்.

"டீ இல்ல! இன்னொண்ணு நான் எடுத்து வைக்கல! இது சர்க்கரத் தண்ணிதான்!"

ஒரே ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை. போய்விட்டாள்.

அதன் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. நடுவர் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து அவர்களைத் தொடர்ந்த கோச் சொன்னதுதான். பாதிச் சுற்றில் காட்டுக்குள் ஒரு நீண்ட மேடு வரும். முந்திய மூன்று வருஷமும் செல்வராணி அந்த மேட்டில் ரீட்டாவின் பின்னாலேயே அடக்கமாக ஏறுவாள். சக்தியை ஸ்பிரிண்டுக்கு மிச்சம் பிடிப்பாள். இந்தத் தடவை மேட்டின் அடியிலேயே பாட்டிலைக் காலி செய்து வீசிவிட்டு, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். ரீட்டா முதலில் சிரித்தாளாம், இவ்வளவு சீக்கிரம் எகிறுகிறவள் மேலே போவதற்குள் களைத்துவிடுவாள் என்று. பாதி மேட்டில் சிரிப்பு நின்றது. உச்சியில் செல்வராணி இரண்டு மின்கம்பங்களுக்கு இடையிலான தூரம் முன்னால் இருந்தாள். கோச், நடுவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதையும் மறந்து, அவர் முதுகில் தட்டித் தட்டி, "சல் பேட்டி, சல்! போம்மா, போ!" என்று கத்தினாராம். நடுவர் எச்சரிக்கை கொடுத்தார்.

நான் முடிவுக் கோட்டருகே நின்றிருந்தேன். முதலில் ஒரு சைக்கிள் மட்டும் தெரிந்தது. யாரென்று தெரியவில்லை, மழைத்தண்ணீரும் சேறும் முகமெல்லாம். என் பக்கத்தில் நின்ற அவள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "ஏய் ராணீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாபு கையிலிருந்த மாற்றுச் சக்கரத்தைக் கீழே போட்டுவிட்டான். ரீட்டாவின் கடைசி இருநூறு மீட்டர் இறக்கை அன்றும் முளைத்தது, நெருங்கிக்கொண்டே வந்தாள். ஆனால் தூரம் போதவில்லை. மூன்று சைக்கிள் நீள வித்தியாசத்தில் செல்வராணி கோட்டைக் கடந்தாள். ஜெட்டியிலிருந்து வந்திருந்த கப்பல் ஊழியர்கள் அவளைச் சைக்கிளோடு தூக்கிவிட்டார்கள். இறக்கச் சொல்லி அவள் கத்தியதை யாரும் கேட்கவில்லை.

இறங்கிய பிறகு என்னிடம் வந்தாள். "பாட்டில வாங்கறப்ப என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"அட கடவுளேன்னு சொன்னேன் சார்." மூச்சு இன்னும் அடங்கவில்லை. "தேத்தண்ணி இருந்தா ஸ்பிரிண்டு வரைக்கும் பொறுத்திருப்பேன். இல்லேன்னு தெரிஞ்சிபோச்சி. அப்ப அவகூட ஸ்பிரிண்டுக்குப் போக ஏலாது. மேட்டுலயே முடிச்சாகணும்னு முடிவு பண்ணிட்டேன்."

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அவள் கையில் பொய்யான சிவப்பு டேப் போயிருந்தால், பழைய திட்டத்தையே நம்பி, நாலாவது வருஷமும் அதே வளைவுக்குப் போயிருப்பாள். ஒருவேளை அந்த நம்பிக்கையிலேயே அங்கேயும் ஜெயித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சைக்கிளின் மேல் உட்கார்ந்து முடிவெடுக்கிறவள் அவள். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவளால் எப்படி முடிவெடுக்க முடியும்? கஃபீன் வேலை செய்யும், அளவும் நேரமும் பார்த்துக் கொடுங்கள். ஒவ்வொருவருக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று பயிற்சியிலேயே பாருங்கள், போட்டியன்று புதிதாக எதையும் முயலாதீர்கள். கொடுப்பது எதுவானாலும், அதன் பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

செல்வராணி மெயின்லேண்டில் நடந்த தேசியப் போட்டியில் பதக்கம் எதுவும் வாங்கவில்லை. பதினோராவதாக வந்தாள். வந்து இறங்கிய விமான நிலையத்தில் அவள் துள்ளிய துள்ளலைப் பார்த்தவர்கள் தங்கம் என்றே நினைத்தார்கள். நிரந்தர வேலையும் கிடைத்தது. இன்று உங்களில் யாராவது நீல் தீவுக்குப் போனால் உங்கள் டிக்கெட்டைப் பார்த்துச் சரியான கப்பலைக் காட்டுவது அவளாகத்தான் இருக்கும்.

அடுத்த வருஷம் ரீட்டா எங்கள் அணிக்கு மாறி வந்தாள். முதல் நாளே என்னைத் தேடி வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அங்கிள், முஜே பி சாஹியே. எனக்கும் வேணும்."

"எது?"

"கடைசி ரவுண்டுல அவளுக்குக் குடுத்தீங்களே. என்ன மருந்து?"

"சர்க்கரத் தண்ணி."

"சச் போலோ அங்கிள். நிஜத்தைச் சொல்லுங்க."

நான் அவளைப் பக்கத்தில் நிறுத்தி, அவள் கண் முன்னாலேயே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். சர்க்கரை போட்டேன், உப்புப் போட்டேன், எலுமிச்சை பிழிந்தேன், குலுக்கிக் கொடுத்தேன். இதற்குமேல் ஏதாவது விழுகிறதா என்று என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தாள்.

"நமக் கம் ஹை, அங்கிள்" என்றாள்.

இன்னும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன்.